ஆங்கில இலக்கிய ஜர்னல் நடத்துற எடிட்டர்களுக்கு, ஒரு டிடிபி கடையில இருந்து திறந்த மடல்

எடிட்டர் ஐயா, எடிட்டர் மேடம், எடிட்டோரியல் போர்டுல பேர் இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஸ்காலரும் இல்ல, கைடும் இல்ல. எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டு ஒரு யூனிவர்சிட்டி கேட்டுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங் கடை போட்டு உக்காந்திருக்கேன். உங்க ஜர்னல்களுக்கு வர்ற பேப்பர்ல, அதாவது ஆய்வுக் கட்டுரைல, கொஞ்சமாச்சும் என் கீபோர்டு வழியா தான் வருது. விஷயம் எழுதுறது அவங்க, நான் அதுல கை வைக்க மாட்டேன். மார்ஜின், இண்டென்ட், ஒர்க்ஸ் சைட்டட் (சைட் பண்ண, அதாவது மேற்கோள் காட்டுன புக்கு, கட்டுரையோட கடைசிப் பக்க லிஸ்ட்), பேஜ் நம்பர், அப்புறம் "அக்கா இந்த ஜர்னல் என்ன தான் கேக்குது கொஞ்சம் படிச்சு சொல்லுங்களேன்" இதெல்லாம் என் டிபார்ட்மென்ட். அதனால உங்க ஆத்தர் கைட்லைன்ஸ் பக்கத்த நீங்க எழுதுனதுக்கப்புறம் திரும்ப படிச்சீங்களோ இல்லையோ, நான் படிச்சிருக்கேன், அதுவும் வரி வரியா, எதிர்ல ஒரு புள்ள கண்ணு கலங்கி நிக்கும்போது.

இன்னொன்னையும் முன்னாடியே சொல்லிடுறேன், இல்லன்னா கமெண்ட்ல யாராச்சும் கேப்பீங்க. உங்க குழப்பத்துல தான் என் பொழப்பு பாதி ஓடுது. கைட்லைன்ஸ் தெளிவா இருந்தா எனக்கு பக்கத்துக்கு இவ்ளோன்னு வர்ற காசு குறையும். குறையட்டும். ஸ்டைபண்டே இல்லாம பார்ட் டைம் ஸ்காலரா இருந்துக்கிட்டு, ஸ்கூல்ல டீச்சர் வேலையும் பாத்துக்கிட்டு வர்றவங்க கிட்ட, போன மாசம் பண்ண அதே பேப்பர திருப்பி இன்னொரு பார்மட்டுக்கு மாத்தி காசு வாங்குறது எனக்கே ஒரு மாதிரி தான் இருக்கு.

முதல்ல எம்எல்ஏ. (சட்டசபை எம்எல்ஏ இல்லைங்க, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன், அமெரிக்கால 1883ல ஆரம்பிச்ச சங்கம், இங்கிலீஷ் லிட்டரேச்சர் பேப்பருக்கு அவங்க போட்ட ரூல் தான் பெரும்பாலும்.) உங்க பக்கத்துல "பேப்பர் எம்எல்ஏ பார்மட்ல இருக்கணும்"னு ஒரே ஒரு வரி இருக்கும். எந்த எம்எல்ஏ? ஏழாவது எடிஷன் 2009ல வந்துச்சு, எட்டாவது 2016, ஒன்பதாவது 2021. எட்டும் ஒன்பதும் அண்ணன் தம்பி மாதிரி, பெருசா சண்ட இல்ல. ஆனா ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல மொத்த வீட்டையும் இடிச்சு கட்டிட்டாங்க. எழுத்தாளர் பாமாவோட தன்வரலாறு கருக்கு, அதோட இங்கிலீஷ் டிரான்ஸ்லேஷன எடுத்துக்கங்க, தமிழ்நாட்டுல தலித் லிட்டரேச்சர் பண்ற ஸ்காலர்ல அத சைட் பண்ணாதவங்கள தேடித் தான் புடிக்கணும். ஏழாவது எடிஷன் படி அது இப்படி வரும்: பாமா. கருக்கு. டிரான்ஸ். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம். 2வது எடி. நியூ டெல்லி: ஆக்ஸ்போர்டு யூபி, 2012. பிரின்ட். இதே ஒன்பதாவது எடிஷன்ல ஊர் பேர் போச்சு, கடைசில இருந்த பிரின்ட் போச்சு, டிரான்ஸ்னு சுருக்காம டிரான்ஸ்லேட்டட் பைன்னு முழுசா எழுதணும், நடுவுல புள்ளி இருந்த இடத்துல கமா வந்துடுச்சு. ஒரே புக்கு, ஒரே வரி, நாலு எடத்துல மாத்தம். ஒரு பேப்பருக்கு முப்பது என்ட்ரி இருந்தா கணக்கு போட்டுக்கங்க.

இதுல கொடும என்னன்னா, பல ஜர்னல்ல மேல "லேட்டஸ்ட் எம்எல்ஏ"ன்னு போட்டிருக்கு, கீழ மாதிரிக்குன்னு குடுத்திருக்குற என்ட்ரில பிரின்ட், வெப் எல்லாம் ஜம்முனு உக்காந்திருக்கு. எத பாக்குறது? மேல பாத்து பண்ணா மாதிரி படி இல்லன்னு திருப்புறீங்க, மாதிரி பாத்து பண்ணா லேட்டஸ்ட் இல்லன்னு திருப்புறீங்க. ஒரு பொண்ணுக்கு ஒரு ஜர்னல்ல இருந்து வந்த மெயில் மொத்தமே ஒரு வரி தான், "நாட் அஸ் பெர் பார்மட்". என்ன பார்மட், எந்த பக்கத்துல, எது தப்பு, ஒன்னும் இல்ல. அந்த ஜர்னலோட பழைய இஷ்யூ நாலஞ்ச டவுன்லோட் பண்ணி பாத்தோம், உள்ள இருக்குற பேப்பர் ஒன்னுக்கொன்னு ஒத்து வரல, ஒன்னு ஏழாவது எடிஷன், ஒன்னு ஏபிஏ (அமெரிக்கா சைக்காலஜி சங்கத்தோட ரூல்) மாதிரி வருஷத்த பிராக்கெட்ல போட்டு, ஒன்னு ரெண்டும் கெட்டான். அப்ப அந்த பொண்ணு பேப்பர் மட்டும் எதுக்கு திரும்பி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கு வெளங்கல.

அடுத்தது ரெண்டு காலம் டெம்ப்ளேட், அதாவது நியூஸ்பேப்பர் மாதிரி பக்கத்த நெட்டுக்குத்தா ரெண்டா பிரிச்ச அச்சு. இத யார் ஆரம்பிச்சு வச்சாங்கன்னு தெரியல, ஆனா எங்கேயோ ஒரு இன்ஜினியரிங் ஜர்னல்ல இருந்து அப்படியே தூக்கிட்டு வந்தது தான்னு பாத்தாலே தெரியும், ஏன்னா உள்ள "ஈக்குவேஷன் எல்லாத்துக்கும் நம்பர் போடவும்"னு கூட அழிக்காம விட்டிருக்கீங்க. ஆக்ஸ்போர்டுல இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் எந்த கவித பத்தின பேப்பர்லயும் நான் இது வரைக்கும் ஈக்குவேஷன் டைப் பண்ணதில்ல. அதே டெம்ப்ளேட்ல இன்ட்ரொடக்ஷன், மெத்தடாலஜி, ரிசல்ட்ஸ், டிஸ்கஷன்னு ஹெட்டிங் கட்டாயம். ஒரு நாவல்ல அம்மா கேரக்டர் ஏன் பேசவே மாட்டேங்குறான்னு ஒருத்தர் எழுதிட்டு வர்றாரு, அதுல ரிசல்ட்ஸ்னு எத போடுறது சொல்லுங்க, அவ பேசல, அது தான் ரிசல்ட்.

கவித தான் ரெண்டு காலத்துல ரொம்ப அடி வாங்குது. எம்எல்ஏ ரூல் என்ன, மூணு வரி வரைக்கும் கவிதய வாக்கியத்துக்குள்ளயே சாய்கோடு போட்டு எழுதலாம், அதுக்கு மேல போனா தனியா கீழ இறக்கி அரை இன்ச் தள்ளி, கவிஞர் எப்படி வரிய ஒடச்சாரோ அப்படியே வைக்கணும். உரைநடைக்கு அது நாலு வரிக்கு மேல. இப்ப காலம் அகலம் மூணு இன்ச் சொச்சம், அதுல அரை இன்ச் தள்ளுனா மிச்சம் எவ்வளவு? கவிஞர் ஒரே வரியா எழுதுனது ரெண்டா மடிஞ்சு விழும், கடைசி ஒத்த வார்த்த தனியா கீழ தொங்கும். ரிவியூவர் "கோட்டேஷன் வரி தப்பு"ன்னு சிவப்புல வட்டம் போடுவாரு. எழுத்த 8 பாயிண்ட்டுக்கு குறைச்சா அடங்கும், ஆனா கைட்லைன்ஸ்ல டைம்ஸ் நியூ ரோமன் 12. ஐயா, லிட்டரேச்சர் பேப்பருக்கு ஒரே காலம் போதும், தயவு செஞ்சு அத மட்டுமாச்சும் மாத்துங்க.

பிளைண்ட் ரிவியூ, அதாவது எழுதுனது யாருன்னு ரிவியூவருக்குத் தெரியாம மதிப்பிடுறது, அந்த விஷயத்துக்கு வர்றேன். எம்எல்ஏ படி ஒவ்வொரு பக்கத்துலயும் வலது மேல் மூலையில எழுதுனவங்க கடைசிப் பேரும் பக்க நம்பரும் வரணும். அது அமெரிக்கா கிளாஸ்ரூம் அசைன்மென்ட்டுக்கு சரி. நீங்க அதே மூச்சுல "டபுள் பிளைண்ட், ஆத்தர் பேர் எங்கயும் இருக்கக் கூடாது"ன்னும் கேக்குறீங்க. பேர் போட்டா அது தப்பு, போடலன்னா இது தப்பு. நான் பேர எடுத்துட்டு நம்பர் மட்டும் வச்சு அனுப்புறேன், பாதி ஜர்னல் ஏத்துக்கும், பாதி கேள்வி கேக்கும். அதுக்கு மேல இன்னொன்னு இருக்கு, இத நீங்க ஒருத்தரும் கைட்லைன்ஸ்ல சொல்றதே இல்ல. வேர்டு பைலோட பிராப்பர்ட்டீஸ்ல ஆத்தர்னு ஒரு எடம் இருக்கு, எந்த கம்ப்யூட்டர்ல பைல் உருவாச்சோ அந்த யூசர் பேர் அதுல நிக்கும். என் கடையில உருவான பைல்ல என் கடை பேர் நிக்கும், கைடு லேப்டாப்ல உருவானா கைடு பேர் நிக்கும். பைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாகுமெண்ட்னு போய் அழிச்சா தான் போகும். இத ஒரு வரி எழுதிப் போட்டீங்கன்னா உங்க பிளைண்ட் ரிவியூ நெஜமாவே பிளைண்டா இருக்கும், இப்ப அது ஒத்தக் கண்ண மட்டும் மூடிக்கிட்டு பாக்குற ரிவியூ.

பேர்னு வந்ததும் தான் எனக்கு ரொம்ப கோவம் வர்றது. உங்க ஆன்லைன் பார்ம்ல பர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் ரெண்டுமே சிவப்பு ஸ்டார். எங்க ஊர்ல எஸ். கவிதான்னு ஒரு பொண்ணு வருது. எஸ்ங்கிறது அவ அப்பா சுப்பையா. லாஸ்ட் நேம்ல எஸ்னு ஒத்த எழுத்து போட்டா பார்ம் ஏத்துக்காது. கவிதான்னு போட்டா பர்ஸ்ட் நேம் காலி. வேற வழியில்லாம அப்பா பேர முழுசா லாஸ்ட் நேம்ல போட்டா, பேப்பர் வெளிய வந்ததும் அவள சைட் பண்றவங்க எல்லாம் "சுப்பையா வாதிடுவது போல"ன்னு எழுதுவாங்க. நாலு வருஷம் அவ ராத்திரி முழிச்சு எழுதுனதுக்கு வாதிடுறது மளிகக் கடை வச்சிருக்குற அவங்கப்பா. கல்யாணம் ஆனதும் சில பேர் இனிஷியல மாத்திக்கிறாங்க, அதோட முத பேப்பர் வேற ஆள், ரெண்டாவது பேப்பர் வேற ஆள்னு ஆயிடுது. அதுக்கு தான் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியா ஆர்கிட்னு 16 இலக்க நம்பர், 2012ல இருந்து இருக்கு, ப்ரீ, அஞ்சு நிமிஷ வேல, என் கடைக்கு வர்ற ஸ்காலர் எல்லாருக்கும் நானே உக்காந்து போட்டுக் குடுக்குறேன், காசு வாங்குறதில்ல. உங்க பார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் வைங்க, பேருக்கு ஒரே கட்டம் வைங்க, கூடவே "உங்கள எப்படி சைட் பண்ணணும்"னு ஒரு கட்டம். அவ்வளவு தான் கேக்குறேன்.

எழுத்தாளர் பேருலயும் இதே கூத்து தான். பாமான்னா பாமா, ஒத்தப் பேர், ஒர்க்ஸ் சைட்டட்ல பாமான்னு போட்டு புள்ளி வச்சா முடிஞ்சது. ரிவியூவர் ஒருத்தரு "ஆத்தர் முழுப் பேர் தரவும்"னு எழுதி அனுப்புனாரு. அம்பைங்கிறது சி.எஸ். லட்சுமியோட புனைபேர், புக்கு அட்டையில அம்பைன்னு இருந்தா அம்பைன்னு தான் வரணும். அப்புறம் டிரான்ஸ்லேட்டர், தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு வந்த நாவல் பத்தி எழுதுறவங்க அவங்க பேர முழுங்கிடுறாங்க, இங்கிலீஷ்ல இருக்குற ஒவ்வொரு வார்த்தையும் டிரான்ஸ்லேட்டர் தேர்ந்தெடுத்தது, அந்த வார்த்தைய வச்சு க்ளோஸ் ரீடிங் (வார்த்த வார்த்தயா அலசுறது) பண்ணிட்டு அவர் பேரயே விட்டா எப்படி? இதுக்கு ஒரு பேப்பர கூட நீங்க திருப்பி அனுப்பி நான் பாத்ததில்ல. மார்ஜின் ஒரு இன்ச்சுக்கு பதிலா முக்கா இன்ச் இருந்தா உடனே திருப்புறீங்க.

சரி, எங்க பக்கமும் ஒழுங்கு இல்ல, அதையும் சொல்றேன். கடைக்கு வர்ற பைல்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்தி மறைஞ்சிருக்குற குறிய எல்லாம் காட்டச் சொன்னா ஸ்கிரீன் பூரா புள்ளிக்கோலம். ஹேங்கிங் இண்டென்ட்டுக்கு (முத வரி வெளிய, மத்த வரி உள்ள தள்ளி நிக்குறது) ஒவ்வொரு வரி கடைசிலயும் என்டர் தட்டி, அடுத்த வரிய ஸ்பேஸ் பாரால தள்ளி தள்ளி கொண்டு வந்திருப்பாங்க, அவங்க லேப்டாப்ல அழகா இருக்கும், என் கம்ப்யூட்டர்ல திறந்தா சிதறிக் கெடக்கும், உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் மோசம். மொத்தத்தையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் டி அழுத்துனா ஒரு நொடில வேல முடிஞ்சுது. டபுள் ஸ்பேஸுக்கு கன்ட்ரோல் 2. வேர்டு தானா ஒவ்வொரு பாராவுக்கும் கீழ ஒரு இடைவெளி விடும், அத பூஜ்யம் ஆக்கணும். பேப்பர் சைஸ் லெட்டர்ங்கிற அமெரிக்கா அளவுல இருக்கும், நம்ம ஊர்ல ஏ4. பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ண கோட்டேஷன்ல வரிக்கு வரி ஒடஞ்சிருக்கும், நடுவுல ஹைபன் நிக்கும். இதெல்லாம் பிஎச்டி கோர்ஸ் ஒர்க்ல ஒரு மத்தியானம் உக்காத்தி வச்சு சொல்லிக் குடுத்தா தீந்துடும். ரிசர்ச் மெத்தடாலஜி பேப்பர்ல எம்எல்ஏவ மனப்பாடம் பண்ணி பரிச்ச எழுதுறாங்க, வேர்டுல எப்படின்னு ஒருத்தரும் தொட்டுக் காட்டுறதில்ல.

இப்ப சிமிலாரிட்டி, அதாவது பேப்பர் மத்தவங்க எழுத்தோட எத்தன சதவீதம் ஒத்துப் போகுதுன்னு சாப்ட்வேர் சொல்ற கணக்கு. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல போட்ட பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரெகுலேஷன்ல 10 சதவீதம் வரைக்கும் தண்டன இல்லன்னு இருக்கு. அதே ரெகுலேஷன்ல யாருதுன்னு சொல்லி முறையா எடுத்தாண்ட கோட்டேஷன் கணக்குல வராது, பிப்ளியோகிராபி கணக்குல வராது, பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னா தொடர்ந்து 14 வார்த்த வரைக்கும் விட்டுடலாம்னும் இருக்கு. அந்த பாதிய யாரும் படிக்கிறதில்ல போல. நீங்க சாப்ட்வேர்ல எந்த பில்டரும் போடாம ஓட்டி, ஒர்க்ஸ் சைட்டட் மொத்தத்தையும் சிவப்பாக்கி, 27 சதவீதம்னு திருப்புறீங்க. லிட்டரேச்சர் பேப்பர்னா டெக்ஸ்ட்ட கோட் பண்ணாம எப்படி எழுதுறது? ஒரு தம்பி வந்தான், அக்கா கோட்டேஷன்குள்ள இருக்குற வார்த்தைகள மாத்தி குடுங்க, சதவீதம் இறங்கணும்னான். டேய் அது நாவலாசிரியர் எழுதுன வாக்கியம்டா, மேற்கோள் குறிக்குள்ள இருக்குடான்னேன். தெரியும்க்கா, ஆனா எட்டுக்கு கீழ கேக்குறாங்கன்னான். மேற்கோள் குறிக்குள்ள இருக்குறத மாத்துறது தான் நெஜமான மோசடி, அத பண்ண வைக்கிறது உங்க மோசடித் தடுப்பு ரூல். நான் முடியாதுன்னு அனுப்பிட்டேன், அடுத்த கடையில பண்ணிக் குடுத்திருப்பாங்க. பில்டர் போட்டு ஓட்டுங்க, என்ன செட்டிங்ல ஓட்டுனீங்கன்னு ரிப்போர்ட்லயே சொல்லுங்க. இதுக்கு காசு செலவு கூட இல்ல.

தமிழ் எழுத்து பத்தி ஒரு ரெண்டு வார்த்த. பேப்பர்ல மூலத் தமிழ் வரிய காட்டணும்னு சில பேர் நெனக்கிறாங்க, நல்ல விஷயம் தான். ஆனா பாமினி மாதிரி பழைய பான்ட்ல அடிச்சு அனுப்புனா அந்த பான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தா உளறும், அதனால யூனிகோட்ல தான் அடிக்கணும். நாங்க யூனிகோட்ல அனுப்புறோம், உங்க பக்கம் லே அவுட் பண்றவர் இன்னும் பேஜ்மேக்கர் 7 வச்சிருக்காரு, அது 2001ல வந்தது, அதோட அடோபி அத விட்டுட்டாங்க, அதுக்கு யூனிகோட் தெரியாது. தமிழ் கட்டம் கட்டமா வரும், தமிழ் லெக்சிகன் முறைல கோடு புள்ளி எல்லாம் வச்சு இங்கிலீஷ்ல எழுதுன பேர்ல அந்த கோடு புள்ளி எல்லாம் காணாம போகும். பிரின்ட் ஆனப்புறம் ஆத்தர் தலையில கட்டாதீங்க. ப்ரூப்னு ஒன்னு அனுப்புங்க, ஒரு நாள் டைம் குடுங்க, போதும்.

யூஜிசி ஏத்துக்குற ஜர்னல் லிஸ்ட் கதைய நான் நீட்ட விரும்பல. 2018 மே மாசம் யூஜிசி 4,305 ஜர்னல லிஸ்ட்ல இருந்து தூக்குனப்ப பேப்பர் போட்டவங்க கடையில வந்து அழுததும், 2019ல அதுக்கு பதிலா கேர்னு புது லிஸ்ட் வந்ததும், 2025 பிப்ரவரில அந்த கேரையும் வேண்டாம்னு விட்டதும் உங்களுக்கே தெரியும். ஆனா அட்டையில இன்னும் "கேர் லிஸ்டட்"னு போட்டுக்கிட்டு, ரெண்டு நாள்ல பப்ளிகேஷன், ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்னு வாட்ஸ்அப்ல வர்றவங்கள நான் எடிட்டர்னு சொல்ல மாட்டேன், இந்த மடல் அவங்களுக்கு இல்ல. ஆச்சரியம் என்னன்னா அவங்க பார்மட் பத்தி ஒரு கேள்வி கேக்குறதில்ல. நேர்மையா நடத்துற உங்ககிட்ட மாட்டி நொந்து போய் தான் பாதிப் பேர் அவங்க கிட்ட போறாங்க, இத நான் கவுண்டர்ல நின்னு பாக்குறேன்.

அதனால கேக்குறது பெருசா ஒன்னும் இல்ல. முத சப்மிஷன எந்த பார்மட்ல இருந்தாலும் வாங்குங்க. படிக்க முடியுதா, எங்கிருந்து எடுத்ததுன்னு சொல்லியிருக்கா, ஒரே சீரா இருக்கா, அத மட்டும் பாருங்க. பேப்பர் தேறுச்சுன்னா அப்புறம் உங்க ஸ்டைலுக்கு மாத்தச் சொல்லுங்க, சந்தோஷமா மாத்துவாங்க, ஏன்னா அப்ப அது வீண் வேல இல்ல. எல்சிவியர், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மாதிரி பெரிய கம்பெனிகளே நிறைய ஜர்னல்ல இத பண்ணிட்டாங்க. 2019ல பிளாஸ் ஒன் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, விஞ்ஞான ஆளுங்க கிட்ட கேட்டது தான், ஒரு பேப்பருக்கு பார்மட்டுக்கு மட்டும் 14 மணி நேரம் போகுதுன்னு. அவங்களுக்கு லேப், அசிஸ்டென்ட் எல்லாம் இருக்கும். பஸ்ல ஒன்றரை மணி நேரம் வந்து என் கடையில வரிசையில நிக்குற ஸ்காலருக்கு எவ்வளவு போகும்னு யாரும் கணக்கு எடுக்கல.

கைட்லைன்ஸ்ல எடிஷன் நம்பர போடுங்க. ஸ்டைல் எல்லாம் செட் பண்ண ஒரு வேர்டு டெம்ப்ளேட்ட டவுன்லோடுக்கு வைங்க. மாதிரி என்ட்ரி போடும்போது வெளிநாட்டு புக்கையே போடாம, ஒரு டிரான்ஸ்லேட்டட் தமிழ் நாவல், ஒத்தப் பேர் எழுத்தாளர் ஒருத்தர், சிறுபத்திரிகைல வந்த கட்டுர ஒன்னு, யூட்யூப் இன்டர்வியூ ஒன்னு, சினிமா ஒன்னு, எங்க ஸ்காலருங்க நெஜமா எத சைட் பண்றாங்களோ அத போடுங்க. சாட்ஜிபிடி யூஸ் பண்ணா எப்படி சொல்லணும்னும் ஒரு வரி வேணும், எம்எல்ஏ 2023லயே அத ஆத்தரா போடக் கூடாதுன்னு சொல்லி மாதிரியும் குடுத்துட்டாங்க, நம்ம ஜர்னல் பாதிக்கு மேல இன்னும் வாயே திறக்கல. திருப்பி அனுப்புனா எந்த பக்கம், எது தப்புன்னு ஒரு வரி எழுதுங்க.

டெம்ப்ளேட் போட ஆள் இல்லன்னு சொல்ற ஜர்னலுக்கு நானே போட்டுத் தர்றேன், ஒரே காலம், ஏ4, எம்எல்ஏ 9, மாதிரி என்ட்ரியோட. காசு வேண்டாம். உங்க கைட்லைன்ஸ் பக்கத்தையும் கடைசியா வந்த ஒரு இஷ்யூவையும் எனக்கு மெசேஜ்ல அனுப்பி வைங்க. டிசம்பர்ல சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன்னாடி குடுக்குற சுருக்கம்) அடிக்க வர்ற கூட்டம் ஆரம்பிச்சிடும், அப்ப எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதுக்குள்ள அனுப்புனா நல்லது.

இப்படிக்கு,
யூனிவர்சிட்டி எதிர்ல டிடிபி கடை வச்சிருக்குற ஒரு எம்.ஏ. இங்கிலீஷ்